நாமா, நாங்களா? – புறநகர் இளமைப் பாடல்களும் தமிழாய்வின் தயக்கமும்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் முதுகலை இறுதிப் பருவ ஆய்வேட்டுத் தலைப்புகளை முடிவுசெய்யும் கூட்டம் நடைபெற்றது. நெறியாளர்களுள் ஒருவராக நானும் அதில் அமர்ந்திருந்தேன். தமிழகத்திற்கு வெளியே பிறந்து வளர்ந்து, வீட்டில் பேசிய தமிழைப் பின்னர்ப் பாடமாகவும் பயின்ற மாணவி ஒருவர், நியூசிலாந்துப் பாடகி லார்ட் என்பாரின் பாப் பாடல்களைச் சங்க அகப்பாடல்களின் கூற்று மரபோடு ஒப்பிட்டு ஆராய விரும்புவதாகத் தெரிவித்தார். பதின்பருவத்தினரின் மனக்கசப்பு, புகழ் மீதான ஈர்ப்பும் ஐயமும், புறநகர் வாழ்வின் வெறுமை ஆகியவற்றைப் பாடும் பாடல்கள் அவை.

அவருக்கு மூன்று விடைகள் கிடைத்தன. இது இலக்கியமன்று என்பது முதல் விடை. இலக்கியமே ஆயினும் ஆங்கிலத்துறைக்குரியது என்பது இரண்டாம் விடை. மூன்றாம் விடை பரிவோடு கூறப்பட்டது: பாடகியின் வாழ்க்கை வரலாற்றை முதல் இயலாகவும் பாடல்களில் காணலாகும் சமுதாயச் சிந்தனைகளை இரண்டாம் இயலாகவும் அமைத்து, மூன்றாம் இயலில் ஐந்திணையைப் பொருத்திக் காட்டினால் ஏற்கலாம் என்பது. மாணவி சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “ஐயா, அந்தப் பாட்டில் வரும் தன்மைப் பன்மையைத் தமிழில் ‘நாம்’ என்று எழுதுவதா, ‘நாங்கள்’ என்று எழுதுவதா? அது தெரிந்தால்தானே சமுதாயச் சிந்தனையைச் சொல்ல முடியும்?” என்று கேட்டார். ஒருவரும் விடை கூறவில்லை. நானும் கூறவில்லை. தலைப்பு மறுக்கப்பட்டது.

அக்கூட்டத்தில் எழுந்த கேள்விகளுள் ஆய்வுத் தகுதி வாய்ந்தது அது ஒன்றே என்பது என் கருத்து. அன்று கூறியிருக்கவேண்டிய விடையை இன்று எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். புறநகர் இளமையைப் பாடும் ஒரு பாப் பாடலின் பொருளை அறிவதற்கு அதில் பேசுவோர் யார், யாரை நோக்கிப் பேசுகின்றனர், யார் கேட்கவேண்டும் என்று பேசுகின்றனர் என்னும் மூன்றையும் முதலில் தீர்மானிக்க வேண்டும். இதற்குரிய கருவிகள் தமிழ் இலக்கணத்திலும் பொருளிலக்கணத்திலும் உள்ளன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டே ஆய்வை மறுப்பதும், அவற்றை விடுத்து வாய்பாட்டைத் திணிப்பதும் தமிழாய்வு தனக்குத் தானே இழைத்துக்கொள்ளும் தீங்காகும்.

இலக்கியமன்று என்னும் மறுப்பு

‘இது இலக்கியமன்று’ என்னும் தொடர் நம் துறைகளுக்குப் புதியதன்று. நாட்டுப்புறப் பாடல்களும் ஒருகாலத்தில் இத்தொடராலேயே வாயிலில் நிறுத்தப்பட்டன. நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964-இல் வெளிவந்த காலத்தில் அத்துறை இன்று பெற்றுள்ள மதிப்பைப் பெற்றிருக்கவில்லை. இன்று நாட்டுப்புறவியல் இல்லாத தமிழ்ப் பாடத்திட்டம் அரிது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கண்ணதாசன் ஆகியோரின் திரைப்பாடல்கள் பற்றிய ஆய்வேடுகளும் நம் நூலகங்களில் அடுக்கப்பட்டுள்ளன. ஆக, பாடல் என்பதனாலோ வணிகம் என்பதனாலோ ஒன்று விலக்கப்படவில்லை. பழக்கமில்லாதது என்பதனாலேயே விலக்கப்படுகிறது.

பிறமொழிப் பாடல் என்பதும் தடையாகாது. க. கைலாசபதி 1968-இல் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூலில் சங்கப்பாடல்களைக் கிரேக்க, ஐரிய, வெல்சிய வீரப்பாடல்களோடு ஒப்பிட்டார். அது கிரேக்கத் துறைக்குரியது என்று எவரும் அதனைத் திருப்பி அனுப்பவில்லை. ஹோமருக்கு அளித்த இடத்தை ஒரு பதினாறு வயதுப் பெண்ணுக்கு அளிக்க மறுக்கிறோம் எனின், மறுப்பின் அடிப்படை மொழியன்று. வயதும் பாலும் வகைமையுமே என்பதை ஒப்புக்கொள்ளும் நேர்மையாவது நமக்கு வேண்டும்.

இசையை நீக்கினால் வரிகள் மெலிந்துவிடும் என்பாரும் உளர். இது மறுப்பன்று, முறையியல் எச்சரிக்கை, ஏற்கத்தக்கது. பரிபாடலின் பல பாடல்களுக்குப் பாடியவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் குறிக்கப்பட்டுள்ளமை ஈண்டு நினைக்கத்தக்கது. சொல்லையும் இசையையும் ஒரே பாடலின் இரு பொறுப்புகளாகப் பதிவுசெய்த மரபு நம்முடையது. ஒரு பாடலில் இசை என்ன செய்கிறது என்று கேட்பது அம்மரபின் வழி நிற்பதேயாகும்.

‘புறநகர்’ என்னும் சொல்

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டும். ‘புறநகர்’ என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது தாம்பரமும் ஆவடியும். மின்சார ரயிலில் நெருக்கியடித்து வேலைக்குச் செல்லும் கூட்டம். நகருக்குள் வாடகை கொடுக்க இயலாது வெளியே நகர்ந்த குடும்பங்கள். அமெரிக்க, கனடிய, நியூசிலாந்துப் பாடல்களில் வரும் புறநகர் வேறு. அது சொந்த வீடு, புல்வெளி, மகிழுந்து ஆகியவற்றின் நிலம். 1947-இல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் கட்டத் தொடங்கப்பட்ட லெவிட்டவுன் இதன் முன்மாதிரிகளுள் ஒன்று. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்த 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் அங்கு எழுந்தன. வெள்ளையரல்லாதார் அவ்வீடுகளில் குடியிருத்தல் கூடாது என்பது தொடக்க கால ஒப்பந்தங்களிலேயே எழுதப்பட்டிருந்தது.

எனவே இந்நிலத்தில் பிறக்கும் இளமைக் கசப்பு வறுமையினால் விளைவதன்று. தேவைகள் நிறைந்தபின்னும் ஒன்றும் நிகழாமையினால் விளைவது. வண்டி ஓட்டும் வயது வரும்வரை எங்கும் செல்ல இயலாமை, எல்லா வீடுகளும் ஒன்றுபோல் இருத்தல், உலகம் வேறெங்கோ நடந்துகொண்டிருக்கிறது என்னும் உணர்வு ஆகியனவே இதன் உள்ளீடு. சொல் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்று எனக் கொண்டு ‘புறநகர் மக்களின் அவலம்’ என இயல் தலைப்பு இடுவது பிழை.

‘அவர்கள்’ முதல் ‘நாம்’ வரை

இவ்வகைப் பாடல்களின் வரலாற்றை இடப்பெயர்களின் வரலாறாகக் காணலாம். நான்கு பாடல்களை மட்டும் ஈண்டுச் சுட்டுகிறேன்.

1962-இல் மால்வினா ரெனால்ட்ஸ் ‘லிட்டில் பாக்ஸஸ்’ என்னும் பாடலை எழுதினார். கலிபோர்னியாவின் டேலி சிட்டிக் குன்றுகளில் வரிசையாக நின்ற வீடுகளே அதன் தூண்டுதல். அடுத்த ஆண்டு பீட் சீகர் குரலில் பதிவாகிப் பரவிய அப்பாடலில் 60 வயதைக் கடந்த ஒருவர் வெளியே நின்று புறநகரைப் பார்த்து எள்ளுகிறார். அங்கு வாழ்வோர் ‘அவர்கள்’, படர்க்கை. பிள்ளைகளும் அப்படர்க்கைக்குள் அடங்கிவிடுகின்றனர். அவர்களுக்குத் தனிக்குரல் இல்லை.

1982-இல் கனடாவின் ரஷ் குழு ‘சப்டிவிஷன்ஸ்’ பாடலை வெளியிட்டது. நீல் பியர்ட் எழுதிய அதில் பதின்பருவத்தினர் மையத்திற்கு வருகின்றனர். பள்ளியிலும் தெருவிலும் ஒத்துப்போகாதோர் ஒதுக்கப்படும் துயரம் பேசப்படுகிறது. ஆயினும் பேசுவோர் அவ்வயதைக் கடந்தவர்; பரிவுடைய பார்வையாளர்.

2010-இல் ஆர்கேட் ஃபயர் குழு ‘தி சபர்ப்ஸ்’ தொகுப்பை வெளியிட்டது. 2011-இல் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருது அதற்குக் கிடைத்தது. அக்குழுவின் பட்லர் சகோதரர்கள் ஹூஸ்டன் நகருக்கு வெளியே உள்ள தி உட்லண்ட்ஸ் என்னும் திட்டமிட்ட குடியிருப்பில் வளர்ந்தவர்கள். இங்குத் தன்மை இடம் வந்துவிடுகிறது. ஆயின் அது நினைவுகூரும் தன்மை. இளமை கடந்தபின் திரும்பிப் பார்க்கும் குரல்.

2013-இல் லார்டின் ‘ராயல்ஸ்’ உலகெங்கும் ஒலித்தது. இங்குப் புறநகர்ப் பதின்பருவம் தானே பேசுகிறது; நிகழ்காலத்தில் பேசுகிறது; பன்மையில் பேசுகிறது. எள்ளப்பட்ட படர்க்கை தன்மைப் பன்மையாக மாறுவதற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. இடையில் தன்மையில் பாடிய இளையோர் பலர் உளர். நான் சுட்டுவது ஒரு போக்கினையே. ஆயினும் ‘பாப் பாடல்களில் சமுதாயச் சிந்தனைகள்’ என்னும் இயலில் இந்நான்கும் ‘புறநகர் வாழ்வைக் கண்டித்தல்’ என்னும் ஒரே துணைத்தலைப்பின் கீழ் அடுக்கப்படும் என்பதில் ஐயமில்லை. கருத்து ஒன்றுபோல் தோன்றலாம், கூற்று வேறு. கூற்று வேறாயின் பொருளும் வேறு.

கூற்றும் கேட்போரும்

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுறுப்புகளை எண்ணும்போது கூற்று, கேட்போர் ஆகிய இரண்டையும் தனித்தனியே எண்ணுகிறது. பேசுவோரைப் போலவே கேட்போரும் செய்யுளின் உறுப்பு என்னும் இக்கொள்கையின் ஆழத்தை நாம் தேர்வு விடைத்தாளுக்கு வெளியே அரிதாகவே பயன்படுத்துகிறோம். தலைவன் சிறைப்புறத்தானாகத் தோழி தலைவியிடம் பேசும் துறையை எண்ணுக. சொல் செல்வது தலைவியிடம். சென்று சேரவேண்டியது வேலிக்கு அப்பால் நிற்கும் தலைவனிடம். முன்னிலை ஒருவர், கேட்கவேண்டியவர் மற்றொருவர்.

‘ராயல்ஸ்’ பாடலை இக்கண்கொண்டு நோக்குவோம். தொடக்கத்தில் ஒரு பெண் தன்னைப் பற்றிப் பேசுகிறாள். ஆடம்பரத்தைத் திரைப்படங்களின் வழியாகவே அறிந்தவள். பெருமை தரும் முகவரி இல்லாதவள். அடுத்து, எல்லாப் பாடல்களும் எவற்றைப் பற்றியே பாடுகின்றன என்று ஒரு பொருட்பட்டியல் வருகிறது. அதன்பின் தன்மைப் பன்மை எழுகிறது. அதற்கு எதிரே ஒரு முன்னிலை உண்டு; அது தன் செல்வத்தின் மீது தானே காதல்கொண்டிருக்கும் புகழுலகம். அம்முன்னிலையை நோக்கிப் பேசும்போது ஆங்கிலப் பன்மை தமிழில் ‘நாங்கள்’ என்றே அமையும். அரச குலத்தவராக ஒருபோதும் ஆகப்போவதில்லை என்று அறிந்தவர்கள் ‘நாங்கள்’, நீங்கள் அல்லர்.

ஆயின் புகழுலகம் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. இப்பாடலை முதலில் தாங்கிய குறுந்தொகுப்பு 2012 நவம்பரில் இணையத்தில் இலவசமாக வெளியிடப்பட்டது. அதனைக் கேட்டோர் பேசுபவளைப் போன்ற பிள்ளைகளே. வேலிக்கு அப்பால் நின்றோர் அவர்கள். புகழுலகை நோக்கிய ‘நாங்கள்’ அவர்கள் செவியில் விழும்போது ‘நாம்’ ஆகிறது. பாடலின் ஆற்றல் இவ்விரண்டு பன்மைகளும் ஒரே சொல்லில் ஒலிப்பதில் உள்ளது. ஆங்கிலச் சொல் இரண்டையும் தனக்குள் மறைத்துக்கொள்கிறது. தமிழ் மறைக்க விடாது, தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. பழந்தமிழில் யாம், நாம் எனவும் இன்று நாங்கள், நாம் எனவும் நாம் பேணும் வேறுபாடு பாடலின் உள்கட்டமைப்பை வெளிக்கொணர்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் பயில்வோர் எளிதில் கடந்துவிடக்கூடிய இடத்தில் தமிழ் மாணவி நின்றுவிட்டார். அவர் நின்ற இடமே ஆய்வு தொடங்கும் இடம்.

‘டீம்’ என்னும் பாடலில் இது மேலும் தெளிவாகிறது. உலகத் திரைகள் பொருட்படுத்தாத ஊரில் வாழ்வதைக் கூறும்போது எதிரே வெளியுலகம் நிற்பதால் அது ‘நாங்கள்’. ஒருவர்க்கொருவர் ஒரே அணியினர் என்று முடிக்கும்போது அது ‘நாம்’. ஒரே பாடலுக்குள் பன்மை முகம் திருப்பிக்கொள்கிறது.

இசையும் இதற்குத் துணை நிற்கிறது. ‘ராயல்ஸ்’ பாடலில் கருவிகள் மிகக் குறைவு. விரற்சொடுக்கும் தாளமுமே அடிப்படை. பல்லவியில் பல குரல்கள் சேர்ந்திசைப்பதுபோல் தோன்றும். அவை அடுக்கடுக்காகப் பதிவுசெய்யப்பட்ட பாடகியின் ஒரே குரல். ‘நாம்’ என்று ஒலிக்கும் கூட்டம் ஒருத்தி தன் அறையில் தனக்கென உண்டாக்கிக்கொண்ட கூட்டம் என்று இசை கூறுகிறது. இத்தனிமையைச் சொற்கள் கூறவில்லை. மேலும், பல்லவியின் முடிவில் பன்மை உடைகிறது. ‘நான்’ எழுந்து ‘நீ’ எனும் ஒருவரை ஆள விரும்புகிறது. அரசை மறுத்த வாய் அரசியாக வேண்டுகிறது. ஆடம்பர எதிர்ப்புப் பாடல் என்று ஒற்றைக் கருத்தாகச் சுருக்குவோர் பல்லவியை முழுமையாகக் கேளாதவர் என்றே கூறவேண்டும்.

நாட்குறிப்பாக வாசித்தல்

மூன்றாம் விடையின் முதற்பகுதி வாழ்க்கை வரலாறு பற்றியது. பாடகியின் வாழ்வை எழுதி, பாடல் அதனைக் ‘காட்டுகிறது’ என்று நிறுவுவது நம் ஆய்வேடுகளின் நெடுநாள் வழக்கம். இங்கு அது என்ன விளைவைத் தரும் என்று பார்ப்போம்.

எல்லா யெலிச்-ஓ’கானர் என்னும் இயற்பெயருடைய லார்ட் 1996-இல் பிறந்தவர். ஆக்லாந்தின் டெவன்போர்ட்டில் வளர்ந்தவர். அது சீர்குலைந்த ஊரன்று. வசதியான கடலோரப் புறநகர். அவர் தாய் சோன்யா யெலிச் நூல்கள் வெளியிட்ட கவிஞர். பள்ளிக் கலைநிகழ்ச்சியில் பாடிய பதிவு ஒன்றன் வழியாகப் பதின்பருவத் தொடக்கத்திலேயே யுனிவர்சல் நிறுவனத்தோடு அவருக்கு ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டது. ‘ராயல்ஸ்’ பாடலை அவர் ஜோயல் லிட்டில் என்பாரோடு இணைந்து எழுதினார். அரச குலத்தார் மீதிருந்த ஈர்ப்பினால் பிரபு என்னும் பொருள்தரும் சொல்லோடு ஓர் எழுத்தைச் சேர்த்து, அதற்குப் பெண்மைச் சாயலூட்டித் தம் மேடைப்பெயராக்கிக்கொண்டதாக அவரே கூறியுள்ளார்.

நாட்குறிப்பு வாசகர் இத்தகவல்களைப் பெற்றவுடன் இரண்டில் ஒன்றையே செய்ய இயலும். தகவல்களை மறைத்துப் பாடலை உண்மை என்பார். அல்லது வெளிப்படுத்திப் பாடலைப் பொய் என்பார். 2013 அக்டோபரில் அப்பாடல் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலின் முதலிடத்தை அடைந்து 9 வாரங்கள் நிலைத்தது. 2014 ஜனவரியில் இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. ‘ஆடம்பரத்தை இகழ்ந்தவர் அதே மேடையில் ஏறினார்’ என்னும் குற்றச்சாட்டு எழுவதற்கு இது போதும்.

அகப்பாடல் மரபில் பயின்றவர் இக்கண்ணியில் சிக்க வேண்டியதில்லை. அகத்திணை மாந்தரை இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது என்னும் விதி பேசுபவரையும் பாடியவரையும் பிரித்து வைக்கிறது. தலைவி கூற்றாகக் கபிலர் பாடியதைக் கொண்டு கபிலர் காதலனுக்காக ஏங்கினார் என்று எவரும் எழுதுவதில்லை. ‘ராயல்ஸ்’ பாடலில் பேசும் பெண்ணும் டெவன்போர்ட்டில் வளர்ந்த பெண்ணும் ஒருவரல்லர். முன்னவர் பின்னவரால் படைக்கப்பட்டவர். ‘ஒயிட் டீத் டீன்ஸ்’ பாடல் இதற்கு நல்ல சான்று. பளிச்சிடும் பற்களையுடைய குறையற்ற இளையோர் கூட்டத்தைப் பற்றித் தன்மைப் பன்மையில் பெருமையோடு பேசிவந்த குரல், இறுதியில் தான் அக்கூட்டத்தைச் சேர்ந்தவள் அல்லள் என்றும் சேர முயன்று இயலவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறது. அதுவரை கேட்ட ‘நாம்’ அணிந்துகொண்ட முகமூடி. தன் பன்மையைத் தானே ஐயுறும் ஒரு பாடலை வாக்குமூலமாக வாசிப்பது எவ்வாறு பொருந்தும்?

பிரித்து வைப்பதனால் வாழ்க்கைத் தகவல்கள் பயனற்றவை ஆகிவிடா. சாதாரணப் பிள்ளைகளின் ‘நாம்’ ஒரு பன்னாட்டு நிறுவன ஒப்பந்தத்தின் கீழ் உருவானது என்பது பாடலின் களன் பற்றிய உண்மை. அதனை ஆய்வில் வைக்க வேண்டும். ஆயின் தீர்ப்பாக வைக்கலாகாது. பரிசில் பெற்றுப் பாடினர் என்பதனால் புறநானூற்றுப் புலவரின் சொற்கள் பொய்யாகிவிடவில்லை.

பொருட்பட்டியல் எழுப்பும் வினா

கூற்று வாசிப்பு பாடகியைக் காப்பாற்றும் தந்திரமாகிவிடலாகாது. அதற்குரிய சோதனை ‘ராயல்ஸ்’ பாடலின் பொருட்பட்டியலிலேயே உள்ளது. தங்கப்பல், விலையுயர்ந்த மது, சொகுசு வண்டி, தனி விமானம் எனச் செல்லும் அப்பட்டியலின் சில பொருள்கள் அமெரிக்கக் கறுப்பர்களின் ஹிப் ஹாப் இசையோடு நெருங்கிய தொடர்புடையவை. நூற்றாண்டுகளாகச் செல்வம் மறுக்கப்பட்ட மக்கள் தாம் அடைந்ததைப் பாடும்போது, தொலைவிலுள்ள ஒரு வெள்ளைப் பெண் அதனை எள்ளுவது நிறவெறியாகாதா என்னும் வினா 2013 அக்டோபரில் அமெரிக்காவில் எழுந்தது. ஹிப் ஹாப் பாடல்களையும் லானா டெல் ரேயின் பாடல்களையும் கேட்டபோது எழுந்த எண்ணம் அப்பாடலுக்குத் தூண்டுதல் என்று லார்டும் நேர்காணல்களில் கூறியுள்ளார்.

‘பேசுவது கதைமாந்தர், எனவே குற்றமில்லை’ என்று கூறித் தப்புவது எளிது. அது நேர்மையன்று. பட்டியல் பாடலில் கொண்டுகூற்றாக, எல்லாப் பாடல்களும் கூறுவதாக வருகிறது. அதாவது பேசுபவளுக்கு அப்பொருள்கள் நேரில் வந்தவையல்ல. வானொலி வழியாக, வரலாறு உரிக்கப்பட்டு வந்தவை. அவை யாருக்கு ஏன் பெருமையாயின என்பதை அவள் அறியாள். அறியாமலேயே எல்லாவற்றையும் ‘நீங்கள்’ என்னும் ஒரே முன்னிலைக்குள் அடக்கிவிடுகிறாள். அம்முன்னிலையில் தீவு வாங்கும் கோடீசுவரரும், தங்கப்பல் கட்டிய கறுப்பின இளைஞரும் வேறுபாடின்றி நிற்கின்றனர். குற்றச்சாட்டு இவ்விடத்தில் சரியானது. பாடலின் ‘நாங்கள்’ விலக்கியவர்களுள், விலக்கப்பட்டே வாழ்ந்தவர்களும் உளர். லெவிட்டவுன் ஒப்பந்தத்தின் நிழல், அதனை அறியாத தொலைதூரப் புறநகர்க் குரலின் மீதும் விழுகிறது.

இம்முடிவுக்கு வருவதற்கும் ‘நாங்கள்’ என்பது யாரை விலக்குகிறது என்னும் வினாவே வழிகாட்டிற்று. பாடகி நல்லவரா தீயவரா என்னும் வினா வழிகாட்டவில்லை.

திணை ஒட்டும் வழக்கம்

மூன்றாம் விடையின் இறுதிப்பகுதி திணைப் பொருத்தம். தலைப்பு கிடைக்கவேண்டும் என்னும் கவலையில், கூட்டத்திற்கு முன்பு அம்மாணவிக்கு இதே வழியை நானும் பரிந்துரைத்திருந்தேன் என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். ‘புறநகர் வறண்டது, எனவே பாலை’ என்று எழுதச் சொன்னேன். அது தவறு.

பாலை தனித்த நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து கொள்ளும் வடிவம் என்பது சிலப்பதிகாரம் வழி நாம் அறிந்தது. அதன் உரிப்பொருள் பிரிவு. லார்டின் பாடல்களில் இளையோர் பிரிந்திருக்கவில்லை, சேர்ந்தே இருக்கின்றனர். சேர்ந்திருந்தும் ஒன்றும் நிகழவில்லை என்பதே அவர்கள் துயரம். ‘ரிப்ஸ்’ பாடலில் பெற்றோர் இல்லாத வீட்டில் நண்பர்கள் கூடி மகிழ்ந்த இரவின் நடுவே, வயது ஏறிவிடும் என்னும் அச்சம் எழுகிறது. எவரும் எங்கும் செல்லவில்லை. காலம் மட்டும் செல்கிறது. இதற்குப் பாலை என்று பெயரிட்டால் பாடலும் சிதையும், பாலையும் சிதையும்.

அலர் என்னும் கருத்தோ வேறுபாட்டின் வழியாகப் பயன்தருகிறது. ‘பியூர் ஹீரோயின்’ தொகுப்பு ‘டென்னிஸ் கோர்ட்’ பாடலில் மாந்தர் பேச்சின் சலிப்பைச் சொல்லித் தொடங்கி, ‘எ வேர்ல்ட் அலோன்’ பாடலில் அவர்கள் பேசட்டும் என்று விட்டுவிடுவதில் முடிகிறது. ஊரார் பேச்சே தொகுப்பின் எல்லைகள். அகமரபில் அலர் மறைந்த உறவை வெளிப்படுத்தி வரைவை நோக்கித் தள்ளும். அதற்கு ஒரு முடிவு உண்டு. புகழுலகின் அலருக்கு முடிவு இல்லை. அது விற்பனைப் பொருள். பேசப்படுவதே வாழ்வாகிவிட்டவர்க்கு வரைவு என்னும் கரை கிடையாது. பாடகி அக்கரையற்ற நீரில் இறங்கும் தருணத்தில் இத்தொகுப்பு நிற்கிறது. 2017-இல் வெளிவந்த ‘மெலோட்ராமா’வில் தனித்து நிற்கும் ‘நான்’ மேலோங்குவதும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. புகழ் அடைந்தபின் ‘நாங்கள்’ என்று கூற இயலாது. கூறினால் எவரை விலக்குவது?

முடிவுரை

தலைப்பு மறுக்கப்பட்ட மாணவி, புதினம் ஒன்றில் சமுதாயச் சிந்தனைகள் என்னும் தலைப்பில் ஆய்வேட்டை முடித்து நல்ல மதிப்பெண்ணும் பெற்றார். வாழ்க்கை வரலாறு முதல் இயலில் இருந்தது. குறை கூற ஒன்றுமில்லாத ஆய்வேடு. அதில் ஒரு கேள்வியும் இல்லை. அதன்பின் அவர் தமிழாய்வைத் தொடரவில்லை.

தமிழகத்திற்கு வெளியே உள்ள தமிழ்த்துறைகளுக்கு வரும் மாணவர்களின் எண்ணிக்கை பற்றி நாம் ஒவ்வொரு கருத்தரங்கிலும் கவலைப்படுகிறோம். வருகின்ற சிலரும் தாம் நாள்தோறும் கேட்கும் பாடல்களோடு வருகின்றனர். வாயிலில் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறோம். பிறகு தொல்காப்பியம் இன்றைக்கும் பொருந்தும் என்று அவர்களுக்கே சொற்பொழிவு ஆற்றுகிறோம். பொருந்துமா என்று அவர்கள் சோதிக்க முன்வந்தபோது தடுத்தவர்கள் நாமே.

எல்லாப் பாப் பாடல்களும் ஆய்வுக்குரியன என்று நான் வாதிடவில்லை. பெரும்பாலானவை முதல் வினாவிலேயே உதிர்ந்துவிடும். தலைப்புக் குழுக்கள் ‘இது இலக்கியமா’ என்று கேட்பதை நிறுத்தி, ‘இப்பாடலில் பேசுவோர் யார், கேட்போர் யார், இதனைத் தமிழில் வைத்து நோக்குவதனால் தெரியவரும் புதியது யாது’ என்று கேட்கட்டும். விடையில்லாத தலைப்பை மறுக்கட்டும். அது சங்க இலக்கியம் பற்றியதாயினும் மறுக்கட்டும். அன்று அம்மாணவியிடம் அவ்விடை இருந்தது. அதனைக் கேட்கும் செவி நம்மிடம் இருக்கவில்லை. இங்கு ‘நம்மிடம்’ என்பது அக்கூட்டத்தில் பேசாதிருந்த என்னையும் உளப்படுத்திய பன்மையே.